பின்வரிசையில் நின்ற கோபுரங்கள்

1965ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் தேதி, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பாண்டிஃப்ராக்ட் நகருக்கு அருகிலுள்ள ஃபெர்ரிபிரிட்ஜ் என்ற ஊரில், நிலக்கரியால் இயங்கவிருந்த பெரும் மின்நிலையம் ஒன்றின் கட்டுமானம் முடியும் தறுவாயில் இருந்தது. அதன் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களும் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைகளில் எழுந்து நின்றன. ஒவ்வொன்றும் 375 அடி உயரம். மீட்டர் கணக்கில் 114. மின்நிலையத்தில் நீராவியைக் குளிரவைத்துத் தான் சூடாகிவிட்ட நீரை மீண்டும் ஆற்றி எடுப்பதற்காகக் கட்டப்படுபவை இவை. இடை சிறுத்து, உடுக்கையைச் செங்குத்தாக நிறுத்தியதைப் போன்ற வடிவம் கொண்டவை.

அன்று மேற்கிலிருந்து புயற்காற்று வீசிக்கொண்டிருந்தது. காலை பத்தரை மணியளவில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. சற்று நேரத்தில் அதே வரிசையில் இன்னொன்று விழுந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவதும் போயிற்று. கான்கிரீட் சுவர் துணித்திரையைப் போல நெளிந்து, பிறகு தன்மேலேயே சரிந்து தூசியாகும் காட்சி அசையும் படமாகப் பதிவாகி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இந்தச் செய்தியில் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கும் விவரம் ஒன்று உண்டு. விழுந்த மூன்றும் காற்றை நேராக எதிர்கொண்ட முன்வரிசையைச் சேர்ந்தவை அல்ல. அவை பின்வரிசையில், மற்ற கோபுரங்களின் மறைவில் நின்றவை. புயலை மார்பில் வாங்கிய நான்கும் சேதப்பட்டாலும் விழாமல் நின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டியவை விழுந்தன. நமது இயல்பறிவு இதை ஏற்க மறுக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் பெரியதொன்றின் பின்னால் ஒதுங்குவது மனிதனின் மிகப் பழைய பழக்கம். அந்தப் பழக்கம் பொறியியலின் கணக்குகளுக்குள்ளும் எப்படி நுழைந்து தங்கியது, எப்படி அங்கிருந்து வெளியேற்றப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1

காற்றை ஒரு சுமையாகக் கருதிக் கணக்கிடும் வழக்கம் பொறியியலில் உறுதியாக இடம்பிடித்ததே ஒரு பேரழிவுக்குப் பிறகுதான். 1879 டிசம்பர் 28 அன்று இரவு, ஸ்காட்லாந்தின் டே ஆற்றுக் கழிமுகத்தின் மேலிருந்த ரயில் பாலத்தின் நடுப்பகுதி, புயலில் ஒரு ரயிலோடு சேர்ந்து நீருக்குள் விழுந்தது. ரயிலில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பவுச் காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எந்த ஒதுக்கீடும் செய்திருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அதன் விளைவாக, இனிவரும் பாலங்கள் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்ற விதி பிறந்தது.

இந்த எண்ணைச் சுமந்துகொண்டுதான் பெஞ்சமின் பேக்கர் ஃபோர்த் ரயில் பாலத்தை வடிவமைத்தார். விதியை அவர் மதித்தார்; ஆனால் அதை நம்பிவிடவில்லை. கழிமுகத்தின் நடுவிலுள்ள இன்ச்கார்வி தீவில் காற்றை அளக்கும் பலகைகளை நிறுத்தினார். ஒன்று 300 சதுர அடிப் பரப்புள்ள பெரும் பலகை. மற்றவை ஒன்றரைச் சதுர அடியே உள்ள சிறியவை. சிறிய பலகைகள் காட்டிய அழுத்தம் எப்போதும் பெரிய பலகை காட்டியதைவிட அதிகமாக இருந்தது. அதாவது, காற்று ஒரு சுவரைப் போல ஒரே சீராக வந்து மோதுவதில்லை. அது சிறு சிறு வீச்சுகளின் கூட்டம். ஒரு வீச்சு சிறு பலகையை முழுவதுமாக மூடிவிடும். பெரும் பலகையின் ஒரு மூலையை மட்டுமே தொடும்.

பேக்கரை வேறொரு கேள்வியும் துரத்தியது. பாலத்தின் ஓர் உறுப்புக்குப் பின்னால் இன்னோர் உறுப்பு இருந்தால், பின்னால் இருப்பதன்மீது எவ்வளவு காற்று படும்? இதற்காக அவர் தொங்கும் ஊசல்களில் மாதிரிகளைக் கட்டி ஆட்டிப் பார்த்தார். கேள்வியின் அமைப்பை நாம் கவனிக்க வேண்டும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதற்கு எவ்வளவு மறைவு தருகிறது என்பதே அது கேட்டது. மறைவு தருமா, அல்லது கேடு செய்யுமா என்ற கேள்வி அப்போது எழவில்லை. பாலத்தின் உறுப்புகளைப் பொறுத்தவரை அது எழ வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஃபோர்த் பாலம் 1890இல் திறக்கப்பட்டு இன்றும் ரயில்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் 'மறைவு' என்ற சொல் கட்டடக்கலைக்குள் நல்ல சொல்லாகவே நுழைந்தது.

அதே காலத்தில், கோபன்ஹேகனில் எரிவாயு ஆலை ஒன்றின் பொறுப்பாளராக இருந்த இர்மிங்கர் என்ற பொறியாளர், ஆலையின் உயர்ந்த புகைபோக்கி இழுக்கும் காற்றோட்டத்தையே ஒரு சோதனைக் கருவியாக்கினார். அந்த ஓட்டத்தில் சிறு வீட்டு மாதிரிகளை வைத்து அவர் கண்டறிந்தது அன்றைய அறிவுக்குப் புதியது: காற்று கட்டடத்தைத் தள்ளுவது மட்டுமல்ல, அதன் மறுபக்கத்தில் உறிஞ்சவும் செய்கிறது. கூரைகள் பறப்பது பெரும்பாலும் இந்த உறிஞ்சலால்தான். காற்றுக்கு மறைவான பக்கம் சும்மா இருக்கும் பக்கம் அல்ல என்பதற்கான முதல் தடயம் அங்கே கிடைத்துவிட்டது.

2

1931இல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறக்கப்பட்டது. உயரம் 1250 அடி. இதற்கு முன் காற்று இத்தனை உயரத்தில் ஒரு கட்டடத்தைச் சந்தித்ததில்லை என்பதால், அறிவியலாளர்களுக்கு அது நகரத்தின் நடுவே நட்டுவைத்த சோதனைக் கருவியாகவே தோன்றியது. 1933இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகத்தில் டிரைடனும் ஹில்லும் அதன் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அழுத்தங்களை அளந்து வெளியிட்டார்கள். காற்றுச் சுரங்கம் என்பது, பெரும் விசிறிகளால் காற்றை ஒரு நீண்ட கூண்டின் வழியே செலுத்தி, நடுவில் மாதிரியை வைத்துச் சோதிக்கும் கருவி. விமானங்களுக்காகப் பிறந்தது, கட்டடங்கள் அதை இரவல் வாங்கிக்கொண்டன.

இந்த இரவலில் ஓர் இடர் ஒளிந்திருந்தது. விமானம் வானத்தில் தனியாகப் பறப்பது. ஆகவே அதன் மாதிரியைத் தனியாக, சீரான காற்றில் வைத்துச் சோதிப்பதே முறை. கட்டடம் நகரத்தில் நிற்பது. அதன் மாதிரியையும் அதே சுரங்கத்தில், அதே தனிமையில், அதே சீரான காற்றில் வைத்தபோது நகரம் காணாமல் போயிற்று.

நகரத்தைத் திரும்பக் கொண்டுவர முதலில் முயன்றவர்களில் ஒருவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹாரிஸ். அண்டைக் கட்டடங்கள் உயர்ந்த கட்டடத்தின் காற்றழுத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்பதையே தலைப்பாகக் கொண்டு 1934இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மாதிரிக்கு அருகே, அடுத்துள்ள இரண்டு தெருக்களில் கட்டடத் தொகுதிகள் எழுந்துவிட்டதாகக் கற்பனை செய்து மாதிரிகளை நிறுத்தினார். அப்போது அந்தப் பெரும் கட்டடத்தைத் தன் அச்சில் திருக முயலும் முறுக்கு விசை இரண்டு மடங்காகக்கூடும் என்று கண்டார். உலகின் மிக உயர்ந்த கட்டடம், தன்னைவிடச் சிறிய அண்டை வீட்டுக்காரர்களால் முறுக்கப்படும்!

முறுக்கு ஏன் வருகிறது என்பது விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. தனியே நிற்கும் ஒரு செவ்வகக் கட்டடத்தின் இரு பக்கங்களிலும் காற்று ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து ஓடும். ஒரு பக்கத்தில் மட்டும் அண்டைக் கட்டடம் முளைத்தால் அந்தப் பக்கத்து இடைவெளி ஒடுங்குகிறது. ஒடுங்கிய சந்தில் காற்றின் வேகம் கூடலாம், அல்லது தடைபட்டு மறுபக்கம் திரும்பலாம். எப்படியானாலும் இரு பக்கச் சமநிலை குலைகிறது. ஒரு தோளை முன்னே தள்ளி, மறுதோளைப் பின்னே இழுத்தால் மனிதன் திரும்புவதைப் போல, கட்டடமும் திரும்ப முயல்கிறது.

இங்கிலாந்திலும் இந்த அறிவு இல்லாமலில்லை. 1943இல், போர் நடுவே, பெய்லி, வின்சென்ட் என்ற இருவர் கட்டடங்களின்மீதான காற்றழுத்தத்தையும் அதில் அண்டைக் கட்டடங்களின் பங்கையும் பற்றி எழுதிய கட்டுரை, அந்நாட்டுக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் இதழிலேயே வெளிவந்தது. ஃபெர்ரிபிரிட்ஜ் கோபுரங்கள் விழுவதற்கு 22 ஆண்டுகள் முன்பு. தெரியாத ஒன்றால் நேர்ந்த விபத்தல்ல அது. ஒரு அலமாரியில் இருந்த அறிவு இன்னொரு மேசைக்குச் சென்று சேரவில்லை.

3

காற்று ஒரு தூணைக் கடந்த பிறகு என்ன செய்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்த்துவிடலாம்.

பாலத்தின் தூணைச் சுற்றி ஓடும் ஆற்றைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தூணின் முகத்தில் நீர் மோதி இரண்டாகப் பிரிகிறது; பக்கங்களில் வேகம் பிடிக்கிறது; பின்பக்கத்தில் தூணை ஒட்டி வளைந்து ஓட முடியாமல் விலகிப் பிரிகிறது. பிரிந்த இடத்தில் சுழல்கள் பிறக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி உதிர்ந்து, தூணிலிருந்து நெடுந்தொலைவு மிதந்து செல்கின்றன. காற்றில் இழுபடும் கம்பிகள் ஏன் ரீங்கரிக்கின்றன என்று ஆராய்ந்த செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால், அந்த ஒலியின் அதிர்வெண் காற்றின் வேகத்தையும் கம்பியின் பருமனையும் பொறுத்தது என்று 1878இல் காட்டினார். அந்தச் சுழல் வரிசையின் கணிதத்தை 1911, 1912 ஆண்டுகளில் தியோடர் ஃபான் கார்மான் எழுதினார்.

ஆக, ஒரு கோபுரத்தின் பின்னால் இருக்கும் இடம் காற்றில்லாத இடமல்ல. சராசரியாகப் பார்த்தால் அங்கே காற்றின் வேகம் குறைவுதான். மறைவு என்ற பழைய நம்பிக்கை இந்தச் சராசரியைப் பொறுத்தவரை உண்மையே. பல அமைப்புகளில் பின்னால் நிற்கும் கட்டடத்தின்மீது விழும் சராசரிச் சுமை கணிசமாகக் குறைகிறது. ஆனால் கட்டடம் சராசரியில் வாழ்வதில்லை. முன்னாலிருக்கும் கோபுரத்திலிருந்து உதிரும் சுழல்கள் பின்னாலிருப்பதன்மேல் ஒரு முறை இடமாகவும் ஒரு முறை வலமாகவும் மோதுகின்றன. இரண்டு முன்கோபுரங்களுக்கு இடையிலுள்ள சந்தில் ஒடுங்கி வேகம் பிடித்த காற்று, சந்தைக் கடந்ததும் ஒரு தாரையாகப் பின்வரிசையைத் தாக்குகிறது. அழுத்தம் ஒரு கணம் ஏறி மறுகணம் இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் தாளம் கோபுரத்தின் இயல்பான அதிர்வோடு நெருங்கிவிட்டால் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் ஏறி உட்காருகிறது. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையைச் சரியான கணத்தில் விரலால் தள்ளினாலும் ஊஞ்சல் உயர எழும்புவதைப் போல.

முன்வரிசைக்குக் கிடைத்தது வலுத்த, ஆனால் ஒப்பளவில் ஒழுங்கான காற்று. பின்வரிசைக்குக் கிடைத்தது முன்வரிசை உடைத்து அனுப்பிய காற்று.

4

இனி ஃபெர்ரிபிரிட்ஜ் கோபுரங்களின் உடலைப் பார்ப்போம். அவற்றின் கான்கிரீட் ஓட்டின் கனம், உயரத்தின் பெரும்பகுதியில், 5 அங்குலம் மட்டுமே. விட்டத்தோடு ஒப்பிட்டால் கோழிமுட்டை ஓட்டைவிடவும் மெல்லியது. இத்தனை மெல்லிய ஓடு நிற்பதற்குக் காரணம் அதன் இரட்டை வளைவு. வளைந்த தாள் விறைத்து நிற்பதைப் போல. அதற்குமுன் கட்டப்பட்ட குளிர்விப்புக் கோபுரங்களைவிட இவை பெரியவை. ஒன்றோடொன்று நெருக்கமாகவும் அமைக்கப்பட்டவை.

காற்று இத்தகைய கோபுரத்தை எவ்வாறு வீழ்த்தும்? பக்கவாட்டில் தள்ளும்போது கோபுரம் சாய முயல்கிறது. அப்போது காற்றடிக்கும் பக்கத்துச் சுவர் மேல்நோக்கி இழுபடுகிறது. அதே சுவரைக் கோபுரத்தின் சொந்த எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே எடையை மிஞ்சி எஞ்சும் இழுவிசைக்கு மட்டும் எஃகுக் கம்பிகள் தேவை. ஃபெர்ரிபிரிட்ஜில் அந்தக் கம்பிகள் ஓட்டின் நடுவே ஒரே அடுக்காக வைக்கப்பட்டிருந்தன.

இந்த எஞ்சும் இழுவிசை என்பது ஒரு கழித்தல் கணக்கின் விடை. அதன் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விளக்கத்துக்காக எளிய எண்களை வைத்துக்கொள்வோம். எடையின் அமுக்கம் 100, காற்றின் இழுப்பு 120 என்றால் எஞ்சுவது 20. கம்பிகளை 20க்கு ஏற்ப வைக்கிறோம். இப்போது காற்றின் வேகம் நாம் எண்ணியதைவிட 10 சதவீதம் கூடிவிட்டது என்க. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் இழுப்பு 21 சதவீதம் கூடி 145ஐத் தொடும். எடை மாறாது. எஞ்சுவது 45. வேகத்தில் செய்த சிறு பிழை, கம்பிகள் தாங்க வேண்டிய சுமையில் இரண்டு மடங்குக்கும் மேலான பிழையாக விரிகிறது. சாதாரணக் கட்டடங்களில் வழக்கமான பாதுகாப்பு விகிதம் விழுங்கிவிடும் தவறை, இந்தக் கழித்தல் பெருக்கிக் காட்டிவிடும்.

தவறுகள் ஒன்றல்ல என்பதை மத்திய மின்உற்பத்தி வாரியம் அமைத்த விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட காற்றின் வேகம் ஒரு நிமிடச் சராசரி. ஆனால் சில விநாடிகளே நீடிக்கும் வீச்சும் இத்தகைய ஓட்டை உலுக்கப் போதுமானது. உயரம் கூடக்கூடக் காற்று வலுக்கும் என்பது முறையாகக் கணக்கில் சேராததால், கோபுரத்தின் உச்சியில் கொள்ளப்பட்ட அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. காற்றுச்சுமைக்கென்று தனியான பாதுகாப்பு விகிதம் வைக்கப்படவில்லை. இவை அனைத்துக்கும் மேலாக, ஓட்டின்மீது அழுத்தம் எவ்வாறு பரவுகிறது என்ற தரவு, தனியாக நின்ற ஒற்றைக் கோபுர மாதிரியிலிருந்து பெறப்பட்டது. எட்டுக் கோபுரங்களுக்கும் அந்த ஒற்றைக் கோபுரத்தின் கணக்கே எட்டு முறை பொருத்தப்பட்டது.

அன்று வீசிய காற்று வீச்சுகளில் மணிக்கு 85 மைல் வரை சென்றதாகச் சொல்லப்படுகிறது. பலத்த காற்றுதான், ஆனால் நூற்றாண்டுக்கு ஒரு முறை வரும் ஊழிக்காற்று அல்ல. அந்தப் பகுதியில் சில ஆண்டுகளுக்கொரு முறை எதிர்பார்க்கக்கூடியதே. எல்லாக் கோபுரங்களுக்கும் பொதுவான மற்ற குறைகள் எட்டையுமே விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. எவை விழுவது என்பதைத் தேர்ந்தெடுத்தது அண்டை வீடு.

5

இதில் வியப்பளிக்கும் தற்செயல் ஒன்று உண்டு. ஃபெர்ரிபிரிட்ஜ் விழுவதற்கு முந்தைய ஆண்டான 1964இல், அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் செர்மாக்கும் ஆலன் டாவன்போர்ட்டும் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கான காற்றுச் சுரங்கச் சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சுரங்கம் நீளமானது. தரையின் சொரசொரப்பினால் காற்று கீழே தயங்கியும் மேலே விரைந்தும் கொந்தளித்தும் வருவதை அங்கே உருவாக்க முடிந்தது. சரியான மாதிரிச் சோதனைக்குத் தரையின் சொரசொரப்பையும் அதே விகிதத்தில் குறைத்துப் போலச்செய்ய வேண்டும் என்று டென்மார்க்கின் மார்ட்டின் யென்சன் 1958இல் நிறுவியிருந்த விதியின் கனி அது. மாதிரிக் கோபுரங்களைச் சுற்றி மாதிரி மன்ஹாட்டனும் நின்றது. இரட்டையரில் ஒன்று மற்றொன்றின் காற்றை எப்படிக் கெடுக்கிறது என்பதும் அளக்கப்பட்டது. 1965இல் டாவன்போர்ட் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் இத்தகைய சுரங்கத்தை நிறுவினார்.

அட்லாண்டிக்கின் ஒரு கரையில் இப்படி. மறுகரையில் ஒற்றைக் கோபுரக் கணக்கு எட்டு முறை. ஏன் இந்த வேறுபாடு? அறிவின் ஏற்றத்தாழ்வு என்று சொல்லிவிட முடியாது. 1943ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கிலாந்தில்தான் வெளிவந்தது. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. உலக வர்த்தக மையம் முன்மாதிரி இல்லாதது. முன்மாதிரி இல்லாதபோது மனிதன் பயப்படுகிறான். பயந்தால் கேள்வி கேட்கிறான். குளிர்விப்புக் கோபுரங்களுக்கோ நெடிய வம்சாவளி இருந்தது. 1910களில் ஹாலந்தில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வந்தவை அவை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே பெரியது. முந்தையது நிற்கிறது என்பதே அடுத்ததற்குச் சான்றிதழ். எந்தப் படியிலும் புதிதாக எதையோ செய்கிறோம் என்ற அச்சம் எழவில்லை. அப்படி ஏறி ஏறி ஒரு நாள், பழைய கணக்கு செல்லுபடியாகாத உயரத்தையும் நெருக்கத்தையும் அவை அடைந்துவிட்டிருந்தன.

விபத்துக்குப் பிறகு விழுந்த மூன்றும் மீண்டும் கட்டப்பட்டன, எஞ்சியவை வலுப்படுத்தப்பட்டன. மின்நிலையம் 1966இல் இயங்கத் தொடங்கியது. 1970இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் காற்றுச்சுமை விதித்தொகுப்பு, நிமிடச் சராசரியைக் கைவிட்டு மூன்று விநாடி வீச்சை அடிப்படையாகக் கொண்டது. குளிர்விப்புக் கோபுரங்களைக் கூட்டமாகவே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் வழக்கம் நிலைபெற்றது. பாடம் முழுமையாகக் கற்கப்பட்டுவிட்டதா என்றால், இல்லை. 1973இல் ஸ்காட்லாந்தின் ஆர்டீரிலும், 1984இல் செஷயரின் ஃபிட்லர்ஸ் ஃபெர்ரியிலும் கோபுரங்கள் விழுந்தன. அங்கே ஓட்டின் வடிவக் கோணல்களும் சேர்ந்துகொண்டன. ஆயினும் 'அண்டை' என்ற சொல் அதன்பின் கணக்கிலிருந்து நீங்கவில்லை.

இந்தியாவில் காற்றுச்சுமைக்கான தரநிர்ணய ஆவணத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு அண்டைக் கட்டடங்களால் நேரும் இடையீட்டுக்கென்று தனிப் பெருக்கெண்கள் தரப்பட்டிருக்கின்றன. விரிவான ஆய்வு செய்யாத நிலையில், மிக மோசமான இடத்தில் அண்டைக் கட்டடம் நின்றால் சுமையை 1.35ஆல் பெருக்க வேண்டும். முப்பத்தைந்து சதவீதம் கூடுதல். பேக்கரின் ஊசல்கள் தேடியது எவ்வளவு கழிக்கலாம் என்பதை; இந்த எண் சொல்வது எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை.

6

ஆனால் பெருக்கெண்ணால் தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. ஃபெர்ரிபிரிட்ஜின் எட்டுக் கோபுரங்களும் ஒரே உரிமையாளருடையவை. ஒரே சமயத்தில் திட்டமிடப்பட்டவை. நகரத்தில் அப்படியில்லை. இன்று நான் கட்டும் கட்டடத்தை இன்றைய அண்டைகளோடு சோதித்து முடிக்கலாம். இருபது ஆண்டுகள் கழித்து எதிர்த்தெருவில் ஒருவர் நாற்பது மாடி எழுப்பினால், என் கட்டடத்தின் காற்று மாறிவிடுகிறது. ஹாரிஸ் 1934இல் கற்பனை செய்தது இந்த நிலையைத்தான். என் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. ஆனாலும் அது வேறொரு கட்டடமாகிவிட்டது. இதற்கு யார் பொறுப்பு?

ஆங்கிலச் சட்டம் இந்தக் கேள்வியின் ஓரத்தை ஒருமுறை தொட்டது. காற்றாலை வைத்திருந்த ஒருவர், தமது ஆலைக்கு 25 கெஜ தூரத்தில் எழுந்த பள்ளிக்கூடக் கட்டடம் காற்றை மறிக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். வெப் எதிர் பேர்டு என்று சட்ட நூல்களில் குறிக்கப்படும் அவ்வழக்கில் 1861இலும், மேல்முறையீட்டில் 1862இலும் அவர் தோற்றார். இருபது ஆண்டுகள் தடையின்றி ஒரு சாளரத்துக்குள் வந்த வெளிச்சத்துக்கு அந்நாட்டுச் சட்டம் உரிமை தரும். காற்றுக்குத் தராது. வரையறுத்த வழியின்றி எங்கும் திரியும் ஒன்றின்மேல் அப்படி உரிமை கொண்டாட இயலாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. காற்று வராமற்போனதைப் பற்றிய வழக்கு அது. கூடுதலாக வந்த காற்றைப் பற்றிய கேள்வி அன்று எவர் மனத்திலும் இருந்திருக்காது.

அந்தக் கேள்வி, ஃபெர்ரிபிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லீட்ஸ் நகரத்தின் தெருவில் பின்னர் எழுந்தது. அங்கே 2007இல் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற கட்டடம் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 112 மீட்டர். ஃபெர்ரிபிரிட்ஜ் கோபுரங்களின் உயரத்தை ஒட்டியது. உயரத்தில் விரைந்து வரும் காற்று அதன் முகத்தில் மோதிக் கீழே இறங்கி, மூலைகளைச் சுற்றிச் சாலையில் பாய்ந்தது. 2011 மார்ச்சில் ஒரு பலத்த காற்று நாளில், அந்த இடத்தில் சரக்குலாரி ஒன்று காற்றால் கவிழ்ந்து, நடந்துசென்ற ஒருவர்மேல் விழ, அவர் இறந்தார். காற்று மிகும் நாட்களில் சாலையை மூடினார்கள். பின்னர் சாலைக்கு மேலே பெரும் காற்றுத்தடுப்புகளை நிறுவினார்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கட்டடம் உறுதியாக நின்றது, இன்றும் நிற்கிறது. தீங்கு அதற்கு வெளியே, அதன் அண்டையில் நடந்தவருக்கு.

கட்டடவியலின் நீண்ட வரலாற்றில் 'இந்தக் கட்டடம் நிற்குமா?' என்பதே மையக் கேள்வியாக இருந்துவந்திருக்கிறது. ஃபெர்ரிபிரிட்ஜ் அதோடு இன்னொன்றைச் சேர்த்தது: 'இது நிற்பதால் அடுத்தது என்னவாகும்?' முதல் கேள்விக்கு விதித்தொகுப்புகள் உண்டு, கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் பொறியாளர் உண்டு. இரண்டாவதற்குக் காற்றுச் சுரங்கத்தில் விடை கிடைக்கிறது. ஆனால் அந்த விடைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பது பல நகரங்களில் இன்னும் தெளிவாகவில்லை. அண்மையில் சில நகர நிர்வாகங்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி கேட்போர் சுற்றுப்புறக் காற்றைப் பற்றிய ஆய்வையும் தர வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. லண்டன் மாநகரின் நடுப்பகுதியான சிட்டியில் 2019 முதல் அதற்கான வழிகாட்டுதல் இருக்கிறது. தொடக்கம் என்று சொல்லலாம்.

ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையம் 2016 மார்ச்சில் மூடப்பட்டது. அரை நூற்றாண்டு நின்ற கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2019 ஜூலையில் ஒன்று, அதே ஆண்டு அக்டோபரில் நான்கு, 2022 மார்ச்சில் எஞ்சிய மூன்று. ஒவ்வொரு முறையும் சில விநாடிகளில் முடிந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில், ஐந்து தோழர்களை இழந்து நின்ற கடைசி மூன்று கோபுரங்களைச் சுற்றி வீசிய காற்று, அவை கட்டப்பட்ட நாள் முதல் அறிந்திராத காற்று. அண்டை வந்து சேரும்போது மட்டுமல்ல, விலகும்போதும் காற்று மாறுகிறது.